மொட்டை டயருக்கு எட்டு இஞ்ச் ரிம்

மலேசியாவின் செப்பாங் பந்தயப் பாதையில், பிட் என்னும் நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தியதும் நண்பர் ஊசி வைத்த வெப்பமானியோடு முன் இடது டயருக்கு ஓடினார். ரப்பருக்குள் ஊசியைக் குத்தி, உள்ளோரம், நடு, வெளியோரம் என்று மூன்று எண்களைச் சொன்னார்: 84, 97, 81. நடு மட்டும் காய்கிறது. காற்று அதிகமாக இருந்தால் இப்படித்தான் காட்டும். சூட்டில் 30 பிஎஸ்ஐ இருந்ததை 26க்கு இறக்கிவிட்டு மறுபடியும் போனேன்.

இப்போது ஸ்டியரிங் சோம்பிவிட்டது. திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. பிட்டுக்கு வந்து பார்த்தால், டயரின் தோளைத் தாண்டிப் பக்கச்சுவர் வரைக்கும் தேய்ந்த தடம். அது காற்று குறைவு என்பதற்கான அடையாளம். ஆனால் நடு இன்னமும் 93ல் நிற்கிறது. ஒரே டயர் ஒரே நேரத்தில் காற்று அதிகம் என்றும் சொல்கிறது, குறைவு என்றும் சொல்கிறது. அன்று மாலை வரைக்கும் காற்றை ஏற்றி இறக்கியே போனது. கோளாறு காற்றில் இல்லை, ரிம்மில் இருக்கிறது என்று புரிய எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. அதிலிருந்து ஸ்லிக் என்னும் இந்த மொட்டைப் பந்தய டயருக்கு ஏற்ற ரிம்முக்கு வந்து சேர்ந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி 1999 மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர். ஜப்பானில் ரோட்ஸ்டர் என்று விற்றார்கள். ஆள் ஏறாமல் 1,050 கிலோவை ஒட்டி நிற்கும். நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன், அதாவது மேலும் கீழும் ஆர்ம் வைத்துத் தாங்கும் அமைப்பு; கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, திருகி மாற்ற முன்னும் பின்னும் வசதி உண்டு. கம்பெனியில் வந்த ரிம் 15 இஞ்ச் விட்டம், 6 இஞ்ச் அகலம், ஆஃப்செட் 40, அதாவது ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ரிம் மாட்டும் ஹப்பின் முகத்துக்கும் இடையே 40 மில்லிமீட்டர். அதில் 195/50 டயர். ஊருக்குள் ஓட்ட இதைவிட இனிமையான வண்டி எனக்குத் தெரியாது. ஆனால் செப்பாங் 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவு. அதில் பத்து வலப்பக்கம், ஐந்து இடப்பக்கம். வலது வளைவுகளில் பாரம் எல்லாம் இடது டயர்கள் மேல்தான் சாய்கிறது. முன் இடது டயர்தான் முதலில் சாகும். அதனால்தான் என் நோட்டில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் அந்த ஒரு டயரைப் பற்றியவை.

சாலை டயரில் இரண்டு வருடம் ஓட்டினேன். நான்காவது சுற்றுக்கு மேல் அது வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். வெட்டு வெட்டாக இருக்கும் ரப்பர்க் கட்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடி, ஆடிய சூட்டில் இளகி, ஓரம் கிழியும். மலாயில் அந்த வெட்டுகளை 'புங்கா தாயார்' என்கிறார்கள், டயர்ப் பூ. தேய்ந்து வழவழப்பான டயர் 'தாயார் போத்தாக்', நம் வாயில் மொட்டை டயர். ஸ்லிக் என்பது பிறவியிலேயே மொட்டை. பூ இல்லாததால் கட்டிகள் ஆடுவதில்லை, தரையைத் தொடும் ரப்பரும் அதிகம். அந்த ரப்பர் சூடேறினால்தான் பிடிக்கும். கூர்ந்து பார்த்தால் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். அவை தேய்மானத்தை அளக்க வைத்தவை. அளவுகோல் முனையை அதில் விட்டால் எவ்வளவு ரப்பர் மிச்சம் என்று சொல்லிவிடலாம்.

சாலையில் ஸ்லிக்கோடு போவது சட்டப்படி குற்றம், ஆபத்தும் கூட. ரோட்ஸ்டரின் பின்பெட்டியில் ஒரு சக்கரமே ஒழுங்காக உட்காராது. நண்பரின் ஹைலக்ஸ் பிக்கப்பில் நாலு சக்கரமும் ஜாக்கியும் வரும், நான் சாலை டயரில் பின்னால் போவேன், அங்கே போய் மாற்றிக்கொள்வோம்.

நான் செய்த முதல் தவறு, ரிம்மை முதலில் வாங்கியது. நல்ல விலைக்கு வந்தது என்று 15க்கு 7, ஆஃப்செட் 38, ஒரு செட் எடுத்தேன். நிறமும் பிடித்திருந்தது. 7 இஞ்ச் ரிம்மில் 205 சாலை டயர் அழகாக உட்காரும், பலரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அப்புறம் ஒரு பந்தயக் குழு கழற்றிப் போட்ட ஸ்லிக் விற்பனைக்கு வந்தது. 200/580 ஆர்15. 205க்கு 7 போதும் என்றால் 200க்குத் தாராளம்தானே என்று கணக்குப் போட்டு வாங்கிவிட்டேன்.

அந்த இரண்டு எண்ணும் ஒரே வகை எண் இல்லை. சாலை டயரில் 205 என்பது பக்கச்சுவர் புடைப்பையும் சேர்த்த மொத்த அகலம். தரையில் படும் பகுதியை அளந்தால் என் டயரில் 184 மில்லிமீட்டர்தான் இருந்தது. இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஸ்லிக்கில் 580 என்பது நேராக விட்டம், மில்லிமீட்டரில். முன்னால் நிற்கும் 200 எதைக் குறிக்கிறது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். சிலருக்கு அது மொத்த அகலம், சிலருக்குத் தரையில் படும் அகலம். என் கையில் இருந்த ஸ்லிக்கில் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். தரையில் படும் பகுதி மட்டும் 202. புடைப்போடு சேர்த்து 226. எண்ணைப் பார்த்தால் 205ஐ விடச் சின்னது, உண்மையில் 225 சாலை டயர் அளவுக்குப் பெரியது. அதை 7 இஞ்ச், அதாவது 178 மில்லிமீட்டர் ரிம்முக்குள் இடுக்கி வைத்திருந்தேன்.

இடுக்கினால் என்ன ஆகும் என்று டயரைப் பார்த்தாலே தெரியும். இரண்டு பக்கச்சுவரும் கீழே உள்நோக்கி இழுபடும், மேலே தரைப்பகுதி வில் மாதிரி வளையும். அதனால் நடு முதலில் தரையைத் தொட்டுக் காய்கிறது. காற்றைக் குறைத்தால் வளைவு கொஞ்சம் தட்டையாகும். ஆனால் சாய்ந்து நிற்கும் பக்கச்சுவருக்குக் கீழே ரிம்மின் தாங்கல் இல்லை. வளைவில் பாரம் ஏறும்போது அது உருண்டுவிடும். பிட்டில் நான் பார்த்த இரண்டு அடையாளமும் இதுதான்.

சரி, ஸ்லிக்குக்கு எவ்வளவு அகலம் வேண்டும்? பந்தயத்துக்கென்றே செய்யும் வண்டிகளில் என்ன வைக்கிறார்கள் என்று பார்த்தேன். இதற்குப் போர்ஷே 911 ஜிடி3 கப் நல்ல எடுத்துக்காட்டு. கம்பெனியே ரிம்மையும் டயரையும் சேர்த்துத் தீர்மானித்துக் கொடுக்கும் வண்டி அது. 991 தலைமுறையில் முன்னால் 10.5 இஞ்ச் ரிம், மிஷ்லின் 27/65-18 டயர். பின்னால் 12 இஞ்ச் ரிம், 31/71-18. மிஷ்லின் சென்டிமீட்டரில் எழுதும்: 27 அகலம், 65 விட்டம், 18 இஞ்ச் ரிம். 10.5 இஞ்ச் என்றால் 267 மில்லிமீட்டர். டயர் 270. பின்னால் 305க்கு 310. ரிம்மும் டயரின் எண்ணும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி.

இப்போது என் வண்டியின் கம்பெனி அளவு: 6 இஞ்ச், அதாவது 152 மில்லிமீட்டர், டயர் 195. ரிம் டயரில் 78 விழுக்காடுதான். சாலை வண்டியில் அது தவறே இல்லை. குழியில் விழுந்தால் பக்கச்சுவர் ரிம்மைக் காப்பாற்ற வேண்டும், சவாரியும் மென்மையாக இருக்க வேண்டும். ஸ்லிக்குக்கு அந்த வேலை கிடையாது. அது நிமிர்ந்து நின்றால் போதும். அப்படியானால் 202 மில்லிமீட்டர் தரைப்பகுதிக்கு 203 மில்லிமீட்டர் ரிம், 8 இஞ்ச். பிறகு அந்த டயரின் அளவுத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தயாரிப்பாளர் அளவெடுத்த ரிம்மும் 8தான். ஒவ்வொரு பந்தய டயருக்கும் இப்படி ஒரு தாள் உண்டு. எந்த ரிம்மில் அளந்தார்கள், எதுவரை அனுமதி, காற்று எவ்வளவு, விட்டம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். டயர் வாங்கும் முன்னால் படிக்க வேண்டியதை நான் வாங்கி மாட்டிக் கெடுத்த பிறகு படித்தேன்.

இந்த இடத்தில் ஒரு ஆசையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிட்டில் பார்க்கும் இளைஞர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். பெரிய பந்தயங்கள் முடிந்ததும் ஜிடி வண்டிகளின் பழைய ஸ்லிக் மலிவாகக் கிடைக்கும். இரண்டே ஓட்டம் ஓடியது, புதிது மாதிரி இருக்கும். அதைச் சின்ன வண்டியில் போடலாமா? 650 மில்லிமீட்டர் விட்டம் என் மட்கார்டுக்குள் போகவே போகாது. போகிற வண்டியாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். 1,200 கிலோவைச் சுற்றிய, என் வண்டியைப் போல மூன்று மடங்கு சக்தி கொண்ட வண்டிக்காகச் செய்த டயரின் உள்கூடும் ரப்பரும் அது. லேசான வண்டி அதை வளைக்கவும் முடியாது, காய்ச்சவும் முடியாது. காயாத ஸ்லிக் நல்ல சாலை டயரைவிட மோசம். 140 குதிரைத்திறனை ஒட்டி இருக்கும் எம்எக்ஸ்-5க்கு அகலமும் கடினமும் ஒரு எல்லைக்கு மேல் சுமைதான்.

அந்த எல்லை 9 இஞ்ச் வரைக்கும் போகுமா என்று பார்க்க ஆசை. இந்த வண்டிக்காரர்கள் பலரும் 15க்கு 9, ஆஃப்செட் 36, அதில் 225 டயர் என்று ஓட்டுகிறார்கள். நன்றாகவே ஓடுகிறது. நண்பர் ஒருவர் ஒரு செட்டை ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தார். கிள்ளானில் இருக்கும் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

"தம்பி, முதல்ல தாள்ல கணக்குப் போடு, அப்புறம் வண்டியில போடலாம்" என்றார் பட்டறை அண்ணன். கணக்கு எளிமையானது. ரிம்மின் அகலத்தைப் பாதியாக்க வேண்டும். அதிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளிப்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கும் என்பது கிடைக்கும். கூட்டினால் உள்பக்கம். கம்பெனி ரிம் 6 இஞ்ச், ஆஃப்செட் 40: வெளியே 36 மில்லிமீட்டர், உள்ளே 116. இரவல் ரிம் 9 இஞ்ச், ஆஃப்செட் 36: வெளியே 78, உள்ளே 150. வெளியே 42 கூடுகிறது, உள்ளே 34. இது டயரின் விளிம்பு உட்காரும் இடம் வரைக்குமான கணக்கு. ரிம்மின் உதடு அதற்கு மேலும் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், டயரின் புடைப்பும் உண்டு.

தாளுக்குப் பிறகு களிமண். பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின்தான். பின் சக்கரத்தின் ஸ்பிரிங்கைக் கழற்றி, அப்சார்பரை மட்டும் திரும்ப மாட்டினோம். அப்போதுதான் ஜாக்கியால் சக்கரத்தை முழு மேல்மட்டம் வரை தூக்க முடியும், ஸ்பிரிங் எதிர்க்காது. மட்கார்டின் உள் உதட்டில் ஐந்து இடத்தில் கொண்டைக்கடலை அளவு உருண்டை ஒட்டினார். உள்ளே அப்சார்பரில் இரண்டு, மேல் ஆர்மில் ஒன்று. ஜாக்கியைத் தூக்கி, சக்கரத்தை ஒரு சுற்று கையால் சுற்றி, இறக்கினோம். உள்பக்க உருண்டைகள் அப்படியே இருந்தன. மட்கார்டில் இருந்த நடு மூன்றும் காகிதம் போல நசுங்கி டயரிலேயே ஒட்டிக்கொண்டு வந்தன. ஓடும்போது டயர் பாரத்தில் இன்னும் புடைக்கும், புஷ்கள் கொஞ்சம் அசையும். நின்ற நிலையில் ஐந்து மில்லிமீட்டராவது களிமண் மிஞ்ச வேண்டும் என்பது அண்ணனின் கணக்கு. முன்பக்கம் இதே வேலையை ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிச் செய்ய வேண்டும். அங்கே உள் பிளாஸ்டிக் தட்டில் லேசாக உரசியது.

மட்கார்டு உதட்டைச் சூடு காட்டி மடித்துவிடலாம். கேம்பரைக் கூட்டி மேல்பக்கத்தை உள்ளே சாய்க்கலாம். செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் எதற்காகச் செய்ய வேண்டும்? என் டயரின் தரைப்பகுதி 202. 9 இஞ்ச் என்றால் 229. டயரைவிட ரிம் அகலமாகி, பக்கச்சுவர்கள் வெளிநோக்கி இழுபடும். ரிம்மின் உதடு டயரைத் தாண்டி நிற்கும், கெர்பில், அதாவது பாதையின் ஓரத் திட்டில், ஏறினால் முதலில் அலுமினியம்தான் அடிபடும். 225 போடுகிறவருக்கு 9 சரி. 200 போடும் எனக்கு அதில் கிடைப்பது ஒன்றுமில்லை. நண்பருக்கு ரிம்மைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

8 இஞ்ச்சில் ஆஃப்செட் 25, 35 என்று இரண்டு கிடைத்தது. 25 போட்டால் வெளியே 77, கிட்டத்தட்ட அந்த 9 இஞ்ச் ரிம் நின்ற இடம். மட்கார்டோடு நிறைந்து நின்று பார்க்க அழகாக இருக்கும். நான் 35 எடுத்தேன். வெளியே 67, உள்ளே 137. 9 இஞ்ச்சே உள்ளே 150 வரைக்கும் உரசாமல் போனதால் உள்பக்கத்தில் பயமில்லை. இடம் மட்டும் காரணம் இல்லை. ஆஃப்செட் குறையக் குறையச் சக்கரத்தின் நடுக்கோடு ஹப்பிலிருந்து வெளியே நகர்கிறது. அந்த நீளம் ஹப் பேரிங்குக்கு நெம்புகோல். ஸ்டியரிங் கனமாகும், ஒரு பக்கச் சக்கரம் மட்டும் கெர்பில் ஏறினால் கையை இழுக்கும். ஸ்லிக் போட்ட எம்எக்ஸ்-5ல் முன் ஹப் சீக்கிரம் போகும் என்பது இந்த வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கம்பெனி கொடுத்த 40ஐ விட்டு 5 மட்டும் நகர்வது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ரிம்மின் பின்பக்கத்தில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கினேன். பிடிப்பு கூடும்போது ரிம்மின் கம்பிகளுக்கு வரும் இழுப்பும் கூடும், இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நடு ஓட்டை பல வண்டிக்கும் பொதுவாகப் பெரிதாக இருந்தது. இந்த ஹப்புக்கு 54.1 மில்லிமீட்டர். அதற்கு அலுமினிய வளையம் போட்டேன். பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் இளகி ஹப்போடு ஒட்டிக்கொண்டதைப் பழைய ரிம்மில் பார்த்திருக்கிறேன். குளியலறைத் தராசில் நிறுத்தபோது ரிம்மும் ஸ்லிக்கும் சேர்ந்து 14 கிலோ, பழைய ரிம்மும் சாலை டயரும் 15.1. அகலம் கூடியும் எடை குறைந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இங்கே ஒன்றில் உறுதியாக இருந்தேன். டயரைப் புதிதாக வாங்கவில்லை. 7 இஞ்ச்சில் ஓடிய அதே நாலு டயரையும் கழற்றி 8 இஞ்ச்சில் ஏற்றச் சொன்னேன். ரிம்மும் டயரும் ஒன்றாக மாறினால் எது எதைச் சரி செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

டயர் கடை அங்கிளுக்கு இந்தப் பழைய டயர் வேலை பிடிக்கவில்லை. ஸ்லிக்கின் விளிம்பு மரக்கட்டை மாதிரி விறைப்பு. சோப்புத் தண்ணீர் நிறையத் தடவினால் ஏறும், ஆனால் அதிகம் தடவினால் வேறு தொல்லை வரும். முதல் தடவை வந்தது. பிரேக்கில் டயர் ரிம்மின் மேலேயே நழுவி நகர்ந்து, பேலன்ஸ் கெட்டு, ஸ்டியரிங் நடுங்கியது. அதனால் இந்த முறை விளிம்பில் மட்டும் மெல்லிசாகத் தடவச் சொல்லி, ஏற்றி முடித்ததும் ஒரு நாள் காயவிட்டேன். வால்வுக்கு நேராக ரிம்மிலிருந்து டயருக்கு வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தேன். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அந்தக் கோடு முறிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். முறிந்திருந்தால் டயர் நகர்ந்திருக்கிறது. பழைய ரிம்மில் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. இதில் நகரவில்லை.

மறுபடியும் செப்பாங். அதே டயர், அதே கேம்பர், முன்னால் இரண்டரை டிகிரி. முதல் சுற்று நிதானமாகக் காய்ச்சினேன். மூன்றாவது சுற்றில் 5, 6ஆம் வளைவுக்கு வந்தேன். இடம், உடனே வலம், இரண்டும் வேகமானவை. பாரம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டென்று மாறும் இடம். 7 இஞ்ச்சில் இங்கேதான் வண்டி யோசிக்கும். இப்போது கையைத் திருப்பியதும் மூக்கு போனது. இடையில் அந்தத் தொங்கல் இல்லை. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

பிட்டில் எண்கள்: உள்ளோரம் 91, நடு 88, வெளியோரம் 85. சூட்டில் காற்று 27. கேம்பர் உள்ள டயரில் உள்ளோரம் கொஞ்சம் கூடுதலாகக் காய்வது சரி, நடு இரண்டுக்கும் இடையில் நிற்க வேண்டும். நின்றது. ஊசி வெப்பமானியைப் பற்றி ஒரு வார்த்தை: துப்பாக்கி மாதிரி பிடித்துச் சுடும் வகை மேல்தோலை மட்டும் பார்க்கும், பிட் பாதையில் வரும் நேரத்திலேயே மேல்தோல் ஆறிவிடும். ரப்பருக்குள் குத்தும் ஊசிதான் உள்ளே நடந்ததைச் சொல்லும். ஆளும் தயாராக நிற்க வேண்டும். சுற்று நேரம், சாலை டயரில் என் சிறந்தது 2 நிமிடம் 58. 7 இஞ்ச்சில் 2:54.6. 8 இஞ்ச்சில் அதே டயரோடு 2:52.1.

அந்தப் பழைய டயர்கள் உண்மையில் இறுகிப் போனவை. விற்றவர் இரண்டு ஓட்டம்தான் என்றார். பிறகு ரப்பரின் கடினத்தை அளக்கும் டியூரோமீட்டர் இரவல் வாங்கி முனையை அழுத்தியபோது ஊசி 61ல் நின்றது. அது ஏறக்குறைய சாலை டயரின் கடினம். ஸ்லிக் ஒவ்வொரு முறை காய்ந்து ஆறும்போதும் கொஞ்சம் இறுகும். ரப்பர் ஆழம் மிச்சம் இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அடுத்து அதே அளவில் புதியது வாங்கினேன், நடுத்தரக் கலவை. மென்மையானது இந்தச் சூட்டில், அதுவும் மதியம் தார் கொதிக்கும் நேரத்தில், நாலு சுற்றிலேயே உருகி உருண்டை உருண்டையாகும். கடினமானது இந்த எடைக்குக் காயாது. புதியதில் 2:50.8 வந்தது. ஆக, புதிய ரப்பர் கொடுத்தது 1.3 வினாடி, ஒரு இஞ்ச் ரிம் கொடுத்தது இரண்டரை.

காற்று விஷயத்தில் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். காலை எட்டு மணிக்கு, நிழலில், 20.5. காய்ந்தபின் 27ஐத் தொட்டு நிற்கிறது. நிழலில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் இடப்பக்கம் வெயிலில் நின்றிருந்தது. கறுப்பு ரப்பர் வெயிலைக் குடித்து, ஓடும் முன்னாலேயே இடப்பக்கம் 2 பிஎஸ்ஐ கூடியிருந்தது. அதை ஆறிய காற்று என்று நினைத்து இறக்கிவிட்டேன், அன்று முழுக்க இடப்பக்கம் காற்று குறைவாகவே ஓடியது. இப்போது சக்கரத்தின் மேல் பழைய கைலி ஒன்றைப் போர்த்தி வைக்கிறேன். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் தண்ணீரையும் முதலில் வடித்துவிட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். ஈரத்தோடு ஏற்றினால் சூட்டில் அழுத்தம் கணக்குக்கு மேல் ஏறும்.

மழைக்கு ஸ்லிக்கில் வழியே இல்லை. தண்ணீர் ஒதுங்கப் பள்ளம் இல்லாததால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். செப்பாங்கில் மாலை மழை வழக்கமானது, பாதையின் ஒரு முனையில் கொட்டும்போது மறுமுனை காய்ந்தே இருக்கும். ஃபார்முலா 1 இங்கே 1999ல் தொடங்கி 2017 வரை ஓடியது. 1998 முதல் 2008 வரை அந்த வண்டிகளுக்குப் பள்ளம் வெட்டிய டயர்தான் விதி. 2009ல்தான் ஸ்லிக் திரும்பி வந்தது. செப்பாங்கில் ஃபார்முலா 1 ஸ்லிக்கோடு ஓடிய அந்த முதல் வருடமே பந்தயம் மாலை மழையில் பாதியில் நின்று, பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். உலகத்தின் சிறந்த ஓட்டுநர்களையே நிறுத்திய மழை. 15ஆம் வளைவுப் பக்கம் மேகம் கறுத்தால் நான் சுற்றை முடிக்காமலே பிட்டுக்கு வந்துவிடுவேன். சாலை டயர் நாலும் எப்போதும் பக்கத்திலேயே அடுக்கியிருக்கும்.

பிடிப்பு கூடியதும் வண்டியின் வேறு இடங்கள் வாய் திறந்தன. நீண்ட வலது வளைவுகளில், டாங்கி பாதிக்குக் கீழே இருந்தால், பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி எஞ்சின் கணநேரம் தடுமாறியது. முன்பு இவ்வளவு வேகத்தில் வளையவே முடியாததால் தெரியவில்லை. இப்போது பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை. நட்டுகளை 110 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து ஆறியபின் டார்க் ரெஞ்ச்சை மறுபடியும் வைக்கிறேன். புதிய ரிம்மில் முதல் நாள் பதினாறு நட்டில் மூன்று நட்டுகள் கால் திருப்பு இறங்கின.

போன வாரம் முன் இடது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்பிரிங் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் சுற்றினேன். காதுக்குக் கேட்கவில்லை, ஆனால் ஸ்பிரிங் வழியாக விரலுக்கு ஒரு மெல்லிய கரகரப்பு வந்தது. பேரிங். வலப்பக்கத்தில் இன்னும் ஒன்றும் இல்லை. அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டையும் சேர்த்தே மாத்திடலாம் தம்பி, கழட்டுனதை எடுத்து வை, பிரிச்சுப் பார்க்கலாம்" என்றார். புது ஹப் இரண்டும் வந்துவிட்டன, சனிக்கிழமை வேலை.